மாவுக்கட்டு பிரித்த கைக்கு பிசியோதெரபி தேடுகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மணிக்கட்டு எலும்பு முறிந்து, கட்டு பிரித்த பிறகு கைக்குப் பலம் வர எங்கே போவது என்று விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். எங்கள் அம்மாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

அம்மாவுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. குளியலறையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்ததில் முன்கையில் பெருவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸ் எலும்பின் மணிக்கட்டுப் பக்க முனை முறிந்தது. எலும்பு அடர்த்தி குறைந்த வயதில் பெண்களுக்கு அடிக்கடி வருகிற முறிவு இது. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது முன்கை மெலிந்து போயிருந்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை, உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்ப முடியவில்லை. சோறு பிசைந்து சாப்பிட முடியாமல் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டார். டாக்டர் சீட்டில் 'பிசியோதெரபி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மையத்துக்குப் போனோம். கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே பேக்கேஜ் அட்டையை நீட்டினார்கள். மொத்தமாக 15,000 ரூபாய் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினோம்.

அப்புறம் தினமும் ஒரே கதைதான். மெழுகு ஒத்தடம், கரண்ட் வைப்பது, வீட்டுக்கு அனுப்புவது. மெஷினைப் போட்டுவிட்டு அங்கே வேலை பார்த்த பையன் வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவான். ஒத்தடமும் கரண்டும் வலியைக் கொஞ்ச நேரம் குறைக்கும், இறுக்கத்தைத் தளர்த்தும். பலம் அதில் வராது. தசை எதையாவது எதிர்த்து வேலை செய்தால்தான் பலம் வரும், அந்த வேலையை அம்மாவின் கையே செய்ய வேண்டும். அங்கே அவர் கையை அவராக அசைக்கவே இல்லை. வீட்டில் செய்ய ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தரவில்லை.

முன்னேற்றம் இல்லையே என்று கேட்டதும்தான் கொடுமை தொடங்கியது. "பொறுத்துக்கோங்கம்மா" என்று சொல்லி மணிக்கட்டை வலுக்கட்டாயமாக வளைத்தார்கள். கூடவே கையால் அழுத்திப் பிடிக்கிற கெட்டியான ஸ்பிரிங் கிரிப்பர் ஒன்றைக் கடை விலையைவிடப் பல மடங்குக்கு விற்றார்கள். விரலே சரியாக மடங்காத கைக்கு அது எதற்கு? கை வீங்கி, தோல் மினுமினுவென்று ஆகி, ராத்திரி எரிச்சலில் அம்மா தூங்கவில்லை. இந்த மாதிரி வீக்கம், நிற மாற்றம், அளவுக்கு மீறிய எரிச்சல் வந்தாலோ, பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போனாலோ அன்றே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

கையை வளைத்தவர் என்ன படித்தவர் என்று கேட்டேன். குறுகிய காலச் சான்றிதழ் படிப்பாம். பி.பி.டி. என்கிற பிசியோதெரபி பட்டமோ நேரடிப் பயிற்சியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கும் மேலான படிப்பு. போர்டில் பெயர் போட்டிருந்த பி.பி.டி. படித்தவரை நாங்கள் ஒருநாளும் பார்க்கவில்லை. மீதிப் பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்கள்.

பிறகு அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த அம்மையார் முதலில் இரண்டு கைகளின் பிடிபலத்தையும் டைனமோமீட்டரில் அளந்து எழுதி வைத்தார். முன்கையை மேஜையில் வைத்து, கையை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு மேலும் கீழும் அசைப்பது முதல் பயிற்சி. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து உள்ளங்கையைத் திருப்புவது அடுத்தது. வீக்கம் வடிந்த பிறகுதான் சப்பாத்தி மாவைப் பிசைவது, ஈரத் துண்டைப் பிழிவது, சின்னச் சுத்தியலின் பிடியைப் பிடித்து இரு பக்கமும் மெல்லச் சாய்ப்பது. பயிற்சியின்போது வருகிற லேசான வலி சீக்கிரம் அடங்கினால் பரவாயில்லை, மறுநாளும் வலியோ வீக்கமோ இருந்தால் குறைத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் வீட்டுச் சாமான்கள், செலவே இல்லை. அம்மா இப்போது குக்கர் மூடியைத் தானே திறக்கிறார்.

தனியார் மையங்கள் எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன், அருமையானவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் நாளே கையை அளக்காமல் பேக்கேஜ் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். சிகிச்சை தருபவரின் பெயரையும் படிப்பையும் கேளுங்கள், அந்தந்த நாளுக்கு மட்டும் பணம் கொடுங்கள். ஏற்கெனவே மொத்தமாகக் கட்டி ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலேயே வழக்குப் போடலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. நாங்களும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.