நிலாவெளியில் இரவு டைவிங்: மலையகத்திலிருந்து போகிறவர்களுக்கு

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்திலிருந்து நிலாவெளிக்கு டைவிங் போகிறீர்களா? டைவிங்குக்குக் கூட்டிப்போகும் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைவிட முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள்: திரும்ப எப்போது மலையேறுவீர்கள் என்று அவர்கள் கேட்கிறார்களா? நான் போன இடத்தில் கேட்டார்கள். ஹட்டன் என்றதுமே பயிற்சியாளர் அண்ணன், "இரவு பஸ்ஸில போறதென்டா இந்த டைவ் வேண்டாம் தம்பி" என்று நேராகச் சொல்லிவிட்டார். கைக்கு வரும் காசை வேண்டாம் என்று சொன்ன அந்த ஒன்றுக்கே முழு மார்க் போடுவேன்.

ஆழத்தில் அழுத்தம் கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது மெதுவாகத்தான் வெளியேறும், அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் குமிழிகளாகி மூட்டுவலியில் தொடங்கி கைகால் செயலிழப்பது வரை போகலாம். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம், பல டைவ் என்றால் 18 என்கிறது டைவிங் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். கேபின் அழுத்தம் சுமார் 600 முதல் 2400 மீற்றர் உயரத்துக்குச் சமமாக இருக்கும் பறப்புக்கான கணக்கு அது. நுவரெலியா 1868 மீற்றர், ஹட்டன் ஏறக்குறைய 1270, இரண்டும் அதற்குள்தான் வருகின்றன. இரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் நிதானமாகக் கிளம்புங்கள், கண்டி தாண்டி ஏறும்போது பிற்பகல் ஆகியிருக்கும்.

சரி, டைவ் எப்படி? அருமை! இருட்டும் முன்பே டோர்ச் சைகைகளைப் பழக்கினார்கள்: வட்டம் போட்டால் ஓகே, பக்கவாட்டில் வேகமாக ஆட்டினால் அவசரம், யார் முகத்திலும் அடிக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு டோர்ச், சிலிண்டரில் ஒரு சின்ன விளக்கு. (முன்பு வேறொரு இடத்தில் ஒரே டோர்ச்தான் தந்தார்கள், அங்கே இனிப் போகமாட்டேன்.) தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக இருந்ததால் நானுஓயா மூடுபனியில் ஹைபீம் போட்ட மாதிரி வெளிச்சம் திரும்பிக் கண்ணில் அடித்தது, டோர்ச்சைச் சரித்துப் பிடிக்கச் சொல்லித் தந்தார் அண்ணன்.

பகலில் நீலமாய் மங்கித் தெரிந்த பாறை, கிட்டேயிருந்து டோர்ச் அடித்ததும் சிவப்பாக மாறுகிறது. கிளிமீன் தானே சுரந்த சளிப்படலத்தைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது, பவளம் இரை பிடிக்க விரிந்திருக்கிறது, சிங்கி இறால் பொந்தைவிட்டு வெளியே நடக்கிறது. டோர்ச்சை நெஞ்சோடு அணைத்து மறைத்துவிட்டுக் கையை வீசினால் தண்ணீரே பொறிப்பொறியாய் மின்னுகிறது. அதற்காகவே போகலாம்.

குறை என்றால், உடை மாற்றும் அறையில் வெளிச்சம் போதாது, வெட்சூட்டில் (தண்ணீருக்குள் போடும் இறுக்கமான உடை) சின்ன சைஸ் குறைவு. டைவிங் சான்றிதழ் இல்லாதவர்களை இரவில் இறக்கமாட்டார்கள், அதுவும் சரிதான். கிழக்குக் கடலுக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். போகுமுன் போன் பண்ணி உங்கள் சைஸையும் ஊருக்குத் திரும்பும் நேரத்தையும் சொல்லி வையுங்கள்.