சந்திப்பை மாற்றியமைக்கும் சாதனங்கள்: எது தாங்கும், எது பெயரும்

பரபரப்பான நாற்சந்தி ஒன்றை நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்கும் ஏற்றதாக மாற்றலாம் என்று முடிவானதும் முதலில் மேசைக்கு வருவது விற்பனையாளரின் சாமான் பட்டியல்தான். ஸ்பிரிங் போஸ்ட் (இடித்தால் மடங்கி நிமிரும் கம்பம்), ரப்பர் கர்ப் (சாலை விளிம்புக் கட்டை), வண்ணப் பூச்சு, தொட்டுணர் ஓடு (பார்வையற்றோர் காலால் உணரும் ஓடு), பொத்தான் பெட்டி (நடப்போர் பச்சை கேட்டு அழுத்துவது) என்று நீளும் அந்தப் பட்டியலில் பணம் பெரும்பாலும் போஸ்ட்டிலும் வண்ணத்திலும் கரைகிறது. படத்தில் பளிச்சென்று தெரிபவை அவைதாம். ஆனால் வண்டி எந்த வேகத்தில் திரும்புகிறது என்பதை முடிவு செய்வது மூலையில் கிடக்கும் கனமான கல். எவ்வளவு நேரத்தில் சாலையைக் கடக்கலாம் என்பதை முடிவு செய்வது சிக்னல் பெட்டிக்குள் இருக்கும் நேரக்கணக்கு. மற்றதெல்லாம் இவ்விரண்டுக்கும் துணை. இந்த மதிப்பீடு மூலைக் கல்லில் தொடங்கி, துணைச் சாமான்கள் வழியாகச் சிக்னலில் முடிகிறது. வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுவதாக வைத்துக்கொண்டு இடது, வலது என்று எழுதியிருக்கிறோம்.

முதலில் மூலைத் திட்டு, அதாவது வளைவை இறுக்கச் சந்திப்பின் மூலையில் எழுப்பும் திட்டு. 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இடதுபுறம் திரும்பும் கார், சுமார் 25 கி.மீ. வேகத்தில் பிரேக்கைத் தொடாமலே போய்விடும். அதே ஆரம் 5 மீட்டர் என்றால் 15 கி.மீ.யைத் தாண்டும்போதே உடம்பு பக்கவாட்டில் சாயத் தொடங்கும். ஓட்டுநர் தானாகவே வேகத்தைக் குறைப்பார். கவனிக்க வேண்டியது, கர்ப் கல்லின் ஆரம் வேறு, சக்கரம் உண்மையில் போகும் பாதையின் ஆரம் வேறு. ஓரத்தில் சைக்கிள் பாதையோ வண்டி நிறுத்தும் வரிசையோ இருந்தால் 5 மீட்டர் கல்லைச் சுற்றி 10 மீட்டருக்கு மேற்பட்ட வளைவில் கார் தாராளமாகத் திரும்பும். ஆகவே சாமான் வாங்கும் முன் மூலையில் சுண்ணாம்புத் தூளைத் தூவி, டயர் தடம் எங்கே விழுகிறது என்று பார்த்து அளந்துகொள்வது நல்லது. தடம் விழாத இடம் முழுவதும் நடப்போருக்குத் திருப்பித் தரக்கூடிய இடம்.

இதற்கு முன்வார்ப்புக் கான்கிரீட் கட்டிகளையே பரிந்துரைக்கிறோம். 100 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் உள்ள ஒரு கட்டி சுமார் 180 கிலோ வரும். அந்தக் கனமே போதும் என்று வெறுமனே வைத்துவிட்டுப் போவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. லாரியின் பின்சக்கரம் உரசி உரசிக் கட்டியைத் தள்ளும், வளைவு கலையும், கட்டியின் முனை சைக்கிள் பாதைக்குள் நீட்டிக்கொள்ளும். வார்க்கும்போதே ஒவ்வொரு கட்டியிலும் இரண்டு துளை விடச் சொல்லி, 16 மி.மீ. கம்பியைத் துளை வழியே சாலைக்குள் இறக்கி எபாக்ஸிப் பசையால் நிரப்புங்கள். எதிரே வரும் பக்கத்தில் ரிஃப்ளெக்டர் கட்டாயம். கம்பி போட்டுப் பொருத்தினால் 5-க்கு 5. கம்பி இல்லாவிட்டால் 2-க்கு மேல் தர மாட்டோம்.

பேருந்தும் தீயணைப்பு வண்டியும் எப்படித் திரும்பும் என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்விதான், அதற்கு விடை ஆரத்தைப் பெரிதாக்குவது அல்ல. திட்டின் வெளிவிளிம்பில் 5 முதல் 7 செ.மீ. உயரத்தில், கரடுமுரடான கற்கள் பதித்த ஒரு ஏறுதளம் அமைத்தால் போதும். பெரிய வண்டியின் பின்சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கும். கார் அதைத் தவிர்த்து வெளியே சுற்றும். ஏறுதளத்துக்கு நடைபாதையின் நிறத்தையே கொடுத்துவிட்டால் சிக்னலுக்குக் காத்திருப்பவர்கள் அதன்மேல் வந்து நிற்பார்கள், பேருந்தின் பின்சக்கரம் வரும் அதே இடத்தில். நிறமும் பரப்பும் வேறாக இருக்க வேண்டும். தொட்டுணர் ஓடு அதற்குப் பின்னால் இருக்க வேண்டும்.

அடுத்தது திட்டை எங்கே வைப்பது என்பது. அதை முடிவு செய்வது சைக்கிள் கடக்கும் பாதை. சைக்கிள் கடக்கும் பாதையைச் சந்திப்பின் விளிம்பிலிருந்து ஒரு கார் நீளம், அதாவது சுமார் 5 மீட்டர் பக்கச் சாலைக்குள் தள்ளிப் போட்டால், திரும்பும் கார் ஏறத்தாழ செங்கோணத்தில் சைக்கிளைச் சந்திக்கும். ஓட்டுநர் சைக்கிளில் வருபவரைப் பக்கக் கண்ணாடியில் தேட வேண்டியதில்லை, முன்கண்ணாடி வழியாகவே பார்த்துவிடுவார். கார் நின்று வழிவிடவும் இடம் கிடைக்கும். பின்னால் நேராகப் போகிற வண்டி ஹாரன் அடிக்காது. நெதர்லாந்தில் பல காலமாக வழக்கில் இருக்கும் அமைப்பு இது; கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 2015-இல் வந்தது. மான்செஸ்டரின் ஹியூம் பகுதியில் 2020-இல் திறக்கப்பட்ட 'சைக்ளாப்ஸ்' சந்திப்பில் சைக்கிள் பாதை வெளிவட்டமாகவும் நடப்போர் கடக்கும் கோடுகள் அதற்கு உள்ளேயும் இருக்கின்றன. நடப்போர் முதலில் சைக்கிள் பாதையைக் கடந்த பிறகே சாலையோரம் வந்து நிற்கிறார்கள். ஆகவே அந்தச் சைக்கிள் பாதையின் குறுக்கே தனியாக ஒரு ஜீப்ரா கோடு வேண்டும். தொட்டுணர் ஓடும் இரண்டு மடங்கு வாங்க வேண்டியிருக்கும். மதிப்பீட்டுத் தொகை போடும்போதே இதைச் சேர்த்துவிடுங்கள், பிறகு விட்டுப்போவது பெரும்பாலும் இதுதான்.

சிக்னலுக்கு நிற்காமல் இடப்பக்கம் திரும்பவிடும் 'ஃப்ரீ லெஃப்ட்' பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. மூடுங்கள்.

கான்கிரீட்டுக்கு மாற்றாகக் காட்டப்படுவது மறுசுழற்சி ரப்பர் கர்ப். 180 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் என்பது பரவலாகக் கிடைக்கும் அளவு. நேரான சைக்கிள் பாதையைப் பிரிக்க நன்றாக உதவும். வளைவுக்கு உதவாது. 4 மீட்டர் ஆரமுள்ள கால் வட்டத்தின் நீளம் 6.28 மீட்டர், அதில் 180 செ.மீ. துண்டுகளை வைத்தால் மூன்று நான்கு முனைகள் துருத்திக்கொண்டு நிற்கும். 60 செ.மீ. துண்டு பத்து வாங்கி இடைவெளி விட்டு வைத்தால் வளைவு சரியாக அமையும், மழைநீரும் போகும். தார்ச் சாலையில் இரும்பு முளை அடித்து நிறுத்தினால் வெயிலில் தார் இளகும்போது முளை மேலே எழும்பத் தொடங்கும்; எபாக்ஸி ஊற்றிய போல்ட்டே நிற்கிறது. இன்னொரு குறை அதன் உயரம். மிதிகட்டை கீழே வரும்போது அதற்கும் தரைக்கும் இடையில் 10 செ.மீ. அளவுக்குத்தான் இடம் இருக்கும். நெருங்கி ஓட்டினால் மிதிகட்டை கர்ப்பில் இடித்து ஆள் விழுவார். சைக்கிள் பக்கம் சரிவாக உள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள், அல்லது 6 செ.மீ. உயரத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆட்கள் குறுக்கே கடக்கும் இடத்தில் இது வேண்டவே வேண்டாம்: கறுப்பு ரப்பர் இரவில் கண்ணுக்குத் தெரியாது, கால் தடுக்கும். 5-க்கு 3.

ஸ்பிரிங் போஸ்ட்டுக்கு வருவோம். வழிகாட்டும் சாதனம் என்ற அளவில் நல்ல பொருள். தடுப்பு என்று நினைத்து வாங்கினால் ஆபத்து, ஏனென்றால் இடித்தால் வளைந்து கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது அது. ஆட்கள் காத்து நிற்கும் இடத்துக்கும் வண்டிக்கும் இடையில் போஸ்ட் மட்டுமே இருக்கிறது என்றால் அங்கே பாதுகாப்பு இல்லை என்றே பொருள். பி.வி.சி. வகை மலிவு, வெயிலில் நாளாக ஆக விறைத்து, அடியில் விரிசல் விட்டு ஒடியும். பாலியூரித்தேன் வகை பலமுறை மடங்கி எழும். கடையிலேயே சோதிக்கலாம்: போஸ்ட்டைத் தரைவரை மடக்கி, சில நிமிடம் பிடித்துவிட்டு விடுங்கள். மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தாலோ சாய்ந்தே நின்றாலோ வாங்காதீர்கள். ரிஃப்ளெக்டர் பட்டை மேலே ஒட்டியதாக இல்லாமல் பள்ளத்தில் பதித்ததாக இருந்தால் உரசலில் உரியாது.

போஸ்ட் எதற்கும் உயிர்நாடி அதன் அடித்தட்டுதான். வண்டி மோதி அடித்தட்டு பெயர்ந்த பிறகு சாலையில் துருத்தி நிற்கும் போல்ட் தலைகள் சைக்கிள் டயருக்கும் நடப்பவர் காலுக்கும் போஸ்ட் இல்லாததைவிட மோசம். சாலை மட்டத்தோடு முடியும் உட்புரி குழலை (உள்ளே மரை வெட்டிய குழாய்) புதைத்து, மேலிருந்து போல்ட்டை முறுக்கும் வகையை வலியுறுத்திக் கேளுங்கள். போஸ்ட் போனால் போல்ட்டைக் கழற்றிவிடலாம், மாற்று போஸ்ட்டை அதே துளையில் பொருத்தலாம். இடைவெளி மூலைகளில் 1.2 மீட்டர். அதைத் தாண்டினால் சிறிய கார் நுழையப் பார்க்கும். சக்கர நாற்காலி போக 90 செ.மீ. தேவை, அந்த இடைவெளியில் மோட்டார் சைக்கிளும் நுழையும். இரண்டையும் பிரித்துவிடும் போஸ்ட் எதுவும் சந்தையில் இல்லை. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லி விற்கப்படும் குறுக்குக் கம்பி வேலி, சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும்தான் முதலில் தடுக்கிறது. நாற்காலியின் வழியை விட்டுக்கொடுக்காதீர்கள். உயரமான பாலியூரித்தேன், உட்புரி குழல், இரண்டும் இருந்தால் 5-க்கு 4.

வண்ணப் பூச்சில் நான்கு வகை உண்டு. சாதாரணச் சாலைப் பெயின்ட் நெரிசலான சந்திப்பில் சில மாதங்களுக்குமேல் நிற்பதில்லை. கோடு சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று சோதிக்க மட்டும் அது போதும். தெர்மோபிளாஸ்டிக்கை 180 முதல் 200 டிகிரி வரை உருக்கி 2 முதல் 3 மி.மீ. கனத்தில் இடுவார்கள். தரை ஈரமாக இருந்தால் கொப்புளம் விடும். கான்கிரீட் தரை என்றால் பிரைமர் இல்லாமல் உரிந்து வரும். இருபாக அக்ரிலிக் கலவையும், கல்துகள் தூவிய எபாக்ஸியும் விலை அதிகம், பிடிமானமும் அதிகம். வாங்குபவர்கள் நிறத்தையும் மினுமினுப்பையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஈரத்தில் வழுக்குகிறதா என்பதை. வழுக்கலை அளக்கும் ஊசல் கருவிச் சோதனையில் 45-க்குக் குறைவாக வரும் பூச்சைச் சைக்கிள் திரும்பும் இடத்தில் போடக் கூடாது. கண்ணாடி மணி மட்டும் தூவினால் இரவில் ஒளிரும், மழையில் வழுக்கும். கல்துகளும் சேர்த்துத் தூவச் சொல்லுங்கள். ஜீப்ராவின் வெள்ளைப் பட்டைகளைச் சக்கரத் தடம் இடைவெளியில் விழும்படி நகர்த்திப் போட்டாலே ஆயுள் கூடும். சந்திப்பு முழுவதையும் வண்ணத்தால் நிரப்புவது வீண்செலவு. சைக்கிளும் காரும் குறுக்கிடும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

அடுத்து உயர்த்திய கடவை, அதாவது நடப்போர் கடக்கும் இடத்தையே மேடாக்குவது. ரப்பர் துண்டுகளைக் கோத்து அமைக்கும் கடவைக்கு பேருந்து போகும் சாலையில் 5-க்கு 1. பேருந்து பிரேக் போடும்போது போல்ட் தளர்ந்து, துண்டுகள் தடதடக்கும், பிறகு பெயரும். தாரிலோ கான்கிரீட்டிலோ கட்டினால் அருமையான சாதனம். உயரம் 10 செ.மீ., பேருந்துத் தடத்தில் 7.5 செ.மீ.; மேல்தளம் 6 மீட்டர் இருந்தால் பேருந்தின் இரண்டு அச்சும் ஒரே மட்டத்தில் ஏறும், குலுக்கல் குறையும். கெடுவது எப்போதும் தண்ணீரால்தான். கடவை ஓர வாய்க்காலை மறித்து நிற்பதால் மேட்டுப்பக்கம் மழைநீர் தேங்கி, ஆட்கள் கால் வைக்கும் இடமே குளமாகும். மேட்டுப்பக்கத்தில் ஒரு வடிகால் வாய் வைக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. வடிகாலின் கம்பி இடுக்குகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்கே இருக்கட்டும். திசையோடு இருந்தால் சக்கரம் சிக்கும்.

கடவை நடைபாதையோடு சமமட்டமாகிவிட்டால் பார்வையற்றவருக்குச் சாலை எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கி, 1967-இல் ஒகயாமாவில் முதலில் பதிக்கப்பட்ட தொட்டுணர் ஓடு இதற்காகத்தான். குமிழ் ஓடு 'நில்' என்கிறது, கோட்டு ஓடு 'இப்படி வா' என்கிறது. இரண்டையும் மாற்றிப் பதித்தால் ஆளை நேரே வண்டிக்கு முன்னால் கொண்டுபோய் விடும். குமிழ் ஓடு சாலை விளிம்பிலிருந்து பின்னோக்கி 60 செ.மீ. வரை, தாழ்த்திய விளிம்பின் முழு அகலத்திலும் வர வேண்டும். தனித்தனியாகப் பதிக்கும் ஸ்டீல் குமிழ்களை ஒதுக்கிவிடுங்கள். மழையில் வழுக்கும், ஒவ்வொன்றாகக் கழன்றும் போகும். வார்த்த கான்கிரீட் ஓடே சிறந்தது.

கடைசியாகச் சிக்னல். சாமானே வாங்காமல் மாற்றக்கூடியது இது, அதனாலேயே யாரும் விற்க வருவதில்லை. வண்டிகளுக்குப் பச்சை விழுவதற்கு 3 முதல் 7 விநாடி முன்னதாக நடப்போருக்குப் பச்சை கொடுத்தால், கார் திரும்பத் தொடங்கும்போது அவர்கள் நடுச்சாலையில் கண்ணுக்கு நேரே இருப்பார்கள். 14 மீட்டர் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கிட்டால் 12 விநாடி. மெதுவாக நடக்கும் முதியவர் 0.8 மீட்டர் வேகத்தில் 17 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்வார். அந்த வித்தியாசத்தில்தான் அவர் பாதிச் சாலையில் மாட்டிக்கொள்கிறார். நேரத்தைக் கூட்ட முடியாவிட்டால் நடுத்திட்டு வேண்டும், அதுவும் சைக்கிள் நீளத்துக்குக் குறையாமல் 2 மீட்டர் அகலத்தில். சைக்கிளுக்கும் இதே கணக்கு உண்டு. விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் போனால் 30 மீட்டர் சந்திப்பைத் தாண்ட ஏழரை விநாடி ஆகும். கார்களை மட்டும் நினைத்து வைத்த மஞ்சளும் முழுச்சிவப்பும் (எல்லாப் பக்கமும் சிவப்பு எரியும் நேரம்) சேர்ந்து 5 விநாடிதான் என்றால், பச்சையின் கடைசி நொடியில் நுழைந்த சைக்கிள் குறுக்குச் சாலை வண்டிகள் கிளம்பும்போது நடுவில் இருக்கும். காத்திருப்பு 30 விநாடியைத் தாண்டினால் ஆட்கள் பொறுமையிழந்து சிவப்பிலேயே இறங்குகிறார்கள். முழுச்சுற்று 60 முதல் 90 விநாடிக்குள் இருக்கட்டும்.

பொத்தான் பெட்டி வாங்குவதானால் ஒலியும் அதிரும் அம்புக்குறியும் உள்ளதை வாங்குங்கள். காது கேளாத பார்வையற்றவருக்கு அந்த அதிர்வு ஒன்றே சிக்னல். ஆனால் நடப்போர் நிறைந்த சந்திப்பில் பொத்தானை அழுத்தினால்தான் பச்சை என்று வைக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் தானாக வர வேண்டும். ஒலியைப் பெறவும் கூடுதல் நேரம் கேட்கவும் மட்டுமே பொத்தான்.

ஒப்பந்தத்தில் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பத்து போஸ்ட்டுக்கு இரண்டு உபரி, அதே புரி அளவில். கான்கிரீட் கட்டியின் அச்சு வேலை முடிந்த பிறகும் உடைக்கப்படாமல் இருக்க வேண்டும், ஒரு கட்டி உடைந்தால் அதே வளைவில் இன்னொன்று வார்க்க. எபாக்ஸிக் குப்பியில் காலாவதித் தேதி தெரிய வேண்டும். பெயர்ந்த போஸ்ட்டின் போல்ட்டை எத்தனை மணி நேரத்துக்குள் அகற்றுவார்கள், யார் அகற்றுவார்கள் என்பது பெயரோடு இருக்க வேண்டும்.