ஆணா பெண்ணா என்று எழுதித் தரும் ஜாதிக்காய் நர்சரி

தென்னந்தோப்பில் ஊடுபயிராக ஜாதிக்காய் வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆனைமலைப் பக்கம் இருக்கும் இந்த நர்சரியில் பாக்கு, மிளகு, பப்பாளி என்று எல்லாக் கன்றும் கிடைக்கும். ஆனால் ஜாதிக்காய்க்குத்தான் இங்கே கட்டாயம் வர வேண்டும் என்பேன். ஒவ்வொரு பையிலும் அது ஆண் ஒட்டா பெண் ஒட்டா என்று எழுதி அட்டை கட்டியிருக்கிறார்கள்.

தென்னையோடு பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. தென்னம்பாளையில் குரும்பையாகும் பெண் பூ கதிரின் அடியிலும், ஆண் பூக்கள் அதற்கு மேலே நுனிவரையிலும் இருக்கும். பள்ளியில் ஓரில்லத் தாவரம் என்று படித்தோமே, அது இதுதான். ஜாதிக்காய் பனையைப் போல ஈரில்லத் தாவரம். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஆண் பனையிலாவது பாளை சீவிப் பதநீர் இறக்கலாம். ஆண் ஜாதி மரத்தில் எப்போதாவது ஒன்றிரண்டு காய் தென்பட்டால் உண்டு, அவ்வளவுதான். விதை போட்டு வளர்த்தால் ஏறக்குறைய பாதி ஆணாகப் போய்விடும். பூக்க ஐந்து முதல் எட்டு வருஷம் ஆகும். அதுவரை இலையைப் பார்த்தோ கிளையைப் பார்த்தோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எங்கள் அப்பா வைத்தவை எல்லாம் விதைக்கன்றுகள். அவற்றில் ஆணாகிப் போன மரங்களுக்கும் அத்தனை வருஷம் தண்ணீரும் தொழுவுரமும் கொடுத்தோம்.

காய்த்துக்கொண்டிருக்கும் பெண் மரத்திலிருந்து குருத்து எடுத்து ஒட்டுக்கட்டினால் இந்தச் சந்தேகமே கிடையாது. தாய் மரம் எதுவோ அதுவேதான் கன்றும். நாலாம் வருஷமே காய் பார்க்கலாம். விலை விதைக்கன்றைவிடப் பல மடங்கு அதிகம்தான். ஆனாலும் கொடுக்கலாம்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது உரிமையாளர் கேட்ட கேள்வி. "அக்கா, தோட்டத்துல பழைய ஆண் மரம் ஏதாச்சும் இருக்குங்களா?" என்றார். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் மரமாவது வேண்டும்; சின்னஞ்சிறு வண்டுகள்தான் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. அப்பாவின் மரங்கள் நிற்பதைச் சொன்னதும், "அப்படீன்னா ஆண் ஒட்டு உங்களுக்கு வேண்டாங்க அக்கா, எல்லாமே பெண்ணா எடுத்துக்குங்க" என்றார். விற்றிருக்கக்கூடிய கன்றுகளை வேண்டாம் என்று சொன்ன வியாபாரியை நான் மதிக்கிறேன்.

அட்டையில் இன்னொரு விவரமும் உண்டு. மேல்நோக்கி வளரும் குருத்தில் எடுத்த ஒட்டு நேரான மரமாகும். பக்கக் கிளையில் எடுத்தது உயராமல் புதர் போலப் பரவும். நாலு தென்னைக்கு நடுவில் ஒன்று என்று வைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு நேராகப் போகும் மரம்தான் சௌகரியம். பறிக்க எட்டும் உயரம் வேண்டுமென்றால் மற்றது. ஒட்டுக்குக் கீழே, வேர்க்கன்றிலிருந்து (ஒட்டைத் தாங்கி அடியில் நிற்கும் விதைக்கன்று) வரும் தளிர்களை, கன்றுகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே கிள்ளி எடுத்தார்கள். அதை விட்டுவிட்டால் மேலே கட்டிய ஒட்டு நலிந்துபோய் அடியில் இருப்பதே மரமாகிவிடும். அப்புறம் அது ஆணா பெண்ணா என்பது பழையபடி பூத்தால்தான் தெரியும். நட்ட பிறகும் மாதம் ஒருமுறை பார்த்துக் கிள்ளச் சொன்னார்கள். நான் தவறாமல் செய்கிறேன்.

பப்பாளிப் பக்கம் சுமார்தான். ரெட் லேடி நாற்றும் கோ 2 நாற்றும் ஒரே வரிசையில் பெயரில்லாமல் நிற்கின்றன. ஜாதிக்காய்க்கு இத்தனை அக்கறை காட்டுபவர்கள் இதை இப்படி விடக் கூடாது. ரெட் லேடியில் வருவது பெண் செடியும் இருபால் பூ பூக்கும் செடியும் மட்டும், ஆண் செடியே வராது. கோ 2 ஈரில்லம்; குழிக்கு ஒன்றுக்கு மேல் நட்டு, பூத்த பிறகு இருபது பெண்ணுக்கு ஓர் ஆண் மட்டும் வைத்துவிட்டு மற்ற ஆண் செடிகளைப் பிடுங்க வேண்டும். இது தெரியாமல் கோ 2-ஐக் குழிக்கு ஒன்றாக நட்டால் தோட்டத்தில் பாதி இடம் வெறுமையாகிவிடும். கேட்டால் சரியாக எடுத்துத் தருகிறார்கள், ஆனால் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு குறை பில். "ஜாதிக்காய் ஒட்டு" என்று மட்டும் போடுகிறார்கள். பெண் ஒட்டு, இத்தனை எண்ணிக்கை, எந்தத் தாய் மரம் என்று எழுதித் தர வேண்டும். அட்டை ஒரு மழைக்காலத்தில் கரைந்துபோகும். நான் வற்புறுத்தியபோது முகம் சுளிக்காமல் பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாய் மரங்கள் பின்னாலேயே நிற்கின்றன, காயோடு பார்க்கலாம். கோழிக்கோட்டு இந்திய நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் விஸ்வஸ்ரீ ரகம் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், எப்போதும் கையிருப்பில் இருக்காது.

தென்மேற்குப் பருவமழை தொடங்கும் சமயம் போவது நல்லது. ஒட்டுக்கு மேலே இரண்டு சுற்றாவது புது இலை விட்டு, பச்சை கருத்து நிற்கும் கன்றாகப் பொறுக்குங்கள். ஒட்டில் சுற்றிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருந்தால் அங்கேயே அவிழ்க்கச் சொல்லுங்கள்.