ஏபிடிடி எகிறியிருக்கிறது: ஃபேக்டர் 12 குறைவா, 11 குறைவா?

ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் ஏபிடிடி (சோதனைக் குழாயில் ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் டெஸ்ட்) 100 வினாடியைத் தாண்டியிருந்தால் யாருக்கும் பகீரென்று இருக்கும். வழக்கமான அளவு 25 முதல் 35 வரைதான். ஆனால் எண் பெரிதாக இருப்பதால் ஆபத்தும் பெரிது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரத்தம் உறைய உதவும் புரதங்களைத்தான் ஃபேக்டர் என்று எண் போட்டுச் சொல்கிறார்கள். அந்த எண்ணை மிக அதிகமாக எகிற வைப்பவற்றில் ஒன்று, ரத்தப்போக்கே உண்டாக்காத ஃபேக்டர் 12 குறைபாடு.

1955-இல் ராட்னாஃப், கோலோபி என்ற ஆய்வாளர்கள் ஃபேக்டர் 12 இல்லாத ஜான் ஹேகமன் என்பவரைப் பற்றி எழுதினார்கள். அவருடைய ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவே அடம்பிடித்தது. அவருக்கோ ரத்தப்போக்குத் தொல்லையே இருந்ததில்லை. 1968-இல் அவர் இறந்தது நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து! சோதனைக் குழாயில் உறைதலைத் தொடங்கிவைப்பது ஃபேக்டர் 12. உடம்பில் காயம் பட்டால் தொடங்கிவைப்பது திசுக் காரணியும் (திசுக்களில் இருக்கும் ஒரு புரதம்) ஃபேக்டர் 7-உம். திமிங்கிலங்களுக்கு ஃபேக்டர் 12 கிடையவே கிடையாது, அவை நன்றாகத்தான் இருக்கின்றன.

ஃபேக்டர் 12-உடன் சேர்ந்து வேலை செய்யும் பிரீகல்லிக்ரீன், ஹெச்எம்டபிள்யூ கினினோஜென் என்ற புரதங்களின் குறைபாடுகளும் இதே ரகம்: ரிப்போர்ட்டில் கலவரம், ஆளுக்கு ஒன்றுமில்லை. பிரீகல்லிக்ரீன் குறைவில் பிளாஸ்மாவை (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ரீஏஜென்ட்டோடு, அதாவது டெஸ்ட்டில் சேர்க்கும் வேதிப்பொருளோடு, கூடுதல் நேரம் வைத்திருந்தால் ஏபிடிடி தானாகவே இறங்கிவிடும்.

ஃபேக்டர் 11 குறைவை இந்த வரிசையில் சேர்க்கவே கூடாது. ரிப்போர்ட் அச்சு அசலாக அதே மாதிரிதான்: பிடி (உறைதலின் இன்னொரு வழியைப் பார்க்கும் டெஸ்ட்) சரி, ஏபிடிடி நீளம், இயல்பான பிளாஸ்மா கலந்தால் சரியாகிவிடும். பலருக்கு வாழ்நாளில் அறிகுறியும் இருக்காது. ஆனால் த்ராம்பின் என்ற உறைதல் நொதி இந்த ஃபேக்டரைத் தட்டியெழுப்பி உறைவுக்கு வலுவூட்டுவதால், அது இல்லாதபோது டான்சில், பல், சிறுநீர்ப்பாதை ஆபரேஷன்களில் ரத்தம் நிற்காமல் கசியலாம். அளவை வைத்து யாருக்குக் கசியும் என்று சொல்லவும் முடியாது. பழைய காயங்களின் கதையைத்தான் கேட்க வேண்டும். இதற்கு முன்கூட்டியே டிரனெக்ஸாமிக் ஆசிட் (உறைவு கரையாமல் காக்கும் மருந்து) போன்ற ஏற்பாடு வேண்டும். ஃபேக்டர் 12 குறைவுக்கு பிளாஸ்மா ஏற்றுவது வீண்.

8, 9 ஃபேக்டர்களையும் அளக்காமல் 'பயமில்லை' என்று சொல்லிவிடக் கூடாது. அவை குறைவதால் வரும் ரத்தப்போக்கு நோயான ஹீமோஃபீலியா லேசாக இருந்தால் இப்படித்தான் ஒளிந்திருக்கும்.

ஃபேக்டர் 12 குறைவுள்ளவருக்கு ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) கொடுக்க நேர்ந்தால் மட்டும் ஒரு சிக்கல்: மருந்தளவை ஏபிடிடி வைத்துப் பார்க்க முடியாது, ஹெபாரினின் வேலையை நேரடியாக அளக்கும் ஆன்டி-டென்-ஏ டெஸ்ட் கேட்க வேண்டும்.