எம்.சி.பி.யுடன் 14 மாதங்கள்: கொத்துச் சாவியைப் பிரித்த பிறகு

செயற்கை நுண்ணறிவு உதவியாளரை மின்னஞ்சல், கோப்புகள், தரவுத்தளம் போன்றவற்றுடன் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது நெறிமுறைதான் எம்.சி.பி. (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்). எங்கள் சிறிய மென்பொருள் குழு 14 மாதங்களாக அதைப் பயன்படுத்துகிறது. அரை மணி நேரத்தில் இணைத்துவிடலாம். எல்லா உரிமைகளும் கொண்ட ஒரே டோக்கனை, அதாவது அனுமதி தரும் மின்னணுச் சாவியை, கோப்பொன்றில் அப்படியே எழுதி வைத்துவிட்டு, மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் வாடிக்கையாளர் புகார்களைச் சுருக்கித் தரச் சொன்னேன். ஒரு கடிதத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், அண்மையில் வந்த கடிதங்களை வேறொரு முகவரிக்கு அனுப்பும்படி எழுதியிருந்தது. உதவியாளர் அதை என் கட்டளையாகவே எடுத்துக்கொண்டது. அனுப்பும் முன் ஒப்புதல் கேட்டதால் தப்பினோம். அன்று காலையிலிருந்து நாற்பது முறையாவது படிக்காமலே 'சரி' அழுத்தியிருப்பேன். அதையும் அப்படி அழுத்தியிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் வயிறு கலங்குகிறது.

உதவியாளரை இயக்கும் மொழி மாடலுக்கு நாம் இடும் கட்டளையும் அது படிக்கும் கடிதமும் ஒரே எழுத்தோட்டமாகத்தான் போய்ச் சேர்கின்றன. ஆகவே "ஏமாறாதே" என்று எழுதிவைப்பதை நான் காவலாகக் கருதுவதில்லை. ஏமாந்தாலும் கெடுதல் செய்ய வழியில்லாதிருக்க வேண்டும். இப்போது வெளியார் கடிதங்களைப் படிக்கும் அமர்வில் அனுப்பும் கருவியே கிடையாது. தரவுத்தளக் கணக்கில் படிக்க மட்டுமே அனுமதி. எழுதுவது, அழிப்பது, அனுப்புவது ஆகியவற்றுக்கு மட்டும் ஒப்புதல் கேட்கிறது. நாளுக்கு மூன்று நான்குதான் வருவதால் ஒவ்வொன்றையும் வரிவரியாகப் படிக்கிறேன்.

நெறிமுறையும் வளர்ந்திருக்கிறது. 2025 மார்ச் பதிப்பில் ஓஆத் 2.1 (கடவுச்சொல்லைக் கொடுக்காமல், வரம்புள்ள அனுமதியை மட்டும் டோக்கனாகத் தரும் முறை) வந்தது, ஜூன் பதிப்பு, டோக்கன் எந்தச் சர்வருக்கானது (சர்வர் என்பது ஒரு கருவியை உதவியாளருடன் இணைக்கும் நிரல்) என்று குறிப்பிடச் சொன்னது. நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் எங்களுக்கு நேர்ந்ததை அவை தடுத்திருக்காது. அங்கே டோக்கன் திருடுபோகவில்லை, முறையான டோக்கன்தான் தவறான வேலைக்குப் போனது.

சர்வர்களைத் தானாகப் புதுப்பிக்கவும் விடுவதில்லை. 2025 செப்டம்பரில் அம்பலமான 'போஸ்ட்மார்க்-எம்சிபி' என்ற போலி எம்.சி.பி. சர்வர் மென்பொருள், பல பதிப்புகள் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, 1.0.16இல் சேர்த்த ஒரே வரியால் எல்லா மின்னஞ்சலுக்கும் ரகசிய நகல் எடுத்தது. புதிய பதிப்பின் மாற்றங்களைப் படித்துவிட்டுத்தான் ஏற்றுகிறோம். நேரம் பிடிக்கிறது, பரவாயில்லை.

வலைப்பக்கங்களைப் படிக்கும் கருவியைத் தரவுத்தள அமர்வில் சேர்க்கும்படி குழுவில் இருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் நான் சம்மதிக்கவில்லை.