சர்வர் இல்லாமல் கிட்: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

வலைத்தள வேலைக்குக் கிட் (ஃபைல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் மென்பொருள்) என்றதும் பலர் முதலில் ஏதாவது ஓர் ஆன்லைன் சேவையில் கணக்குத் திறக்கப் போகிறார்கள். அது கட்டாயமே இல்லை. லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட், முழு வரலாற்றையும் அவரவர் கணினியிலேயே வைத்துக்கொள்ளும். நான் சில வருடங்களாக அப்படித்தான் ஓட்டுகிறேன். தனியாளாகத் தளம் கட்டுபவருக்கு இது தாராளமாகப் போதும்.

அமைப்பதற்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. தளத்தின் ஃபோல்டருக்குள் போய் 'கிட் இனிட்' கொடுத்தால் முடிந்தது. மெனக்கெட வேண்டியது, எதையெல்லாம் கிட் கண்டுகொள்ளக் கூடாது என்று எழுதிவைக்கும் இக்னோர் ஃபைலில்தான். இறக்கிய லைப்ரரிகள் கிடக்கும் நோட் மாட்யூல்ஸ், தானாக உருவாகும் பில்ட் ஃபோல்டர், டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்கும் என்வி ஃபைல் எல்லாவற்றையும் முதல் கமிட்டுக்கு (மாற்றங்களை வரலாற்றில் பதிவதற்கு) முன்பே அதில் எழுதிவிடுங்கள். ஒருமுறை கமிட் ஆன ஃபைலைப் பிறகு இக்னோரில் சேர்த்தாலும் கிட் அதை விடாமல் கவனித்துக்கொண்டே இருக்கும். 'கிட் ஆர்எம்' கட்டளையை 'கேஷ்ட்' என்ற ஆப்ஷனோடு கொடுத்து விலக்கலாம். ஆனால் பழைய கமிட்களில் பாஸ்வேர்ட் அப்படியே இருக்கும்.

தினமும் பயன்படுவது, மூலத்தைத் தொடாமல் தனிக் கிளையில் வேலை செய்ய உதவும் பிராஞ்ச்தான் என்றாலும், என்னை அசத்தியது, கோளாறு எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடித்தரும் 'பைசெக்ட்'. ஒரு தளத்தில் மொபைலில் மட்டும் மேலே ஒட்டி நிற்க வேண்டிய மெனு, பக்கத்தோடு சேர்ந்து நகர்ந்து மறைந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. நன்றாக இருந்த ஒரு பழைய கமிட்டையும் இப்போதையதையும் காட்டினால், கிட் நடுவில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். பிரவுசரில் பார்த்து 'குட்' அல்லது 'பேட்' சொன்னால் பாதி கழிந்துவிடும். நூறு கமிட் இருந்தாலும் ஏழு சோதனைக்குள் ஆள் அகப்பட்டுவிடும். கடைசியில் சிக்கியது, மொபைல் அளவுக்கான சிஎஸ்எஸ்ஸில் மெனுவுக்கு வெளியே இருந்த பெட்டிக்கு நான் கொடுத்திருந்த 'ஓவர்ஃப்ளோ ஹிடன்'. ஒரே வரி! கமிட்கள் சின்னதாக இருந்ததால்தான் இது சாத்தியமானது. ஒரு நாள் வேலையை மொத்தமாக ஒரே கமிட்டில் திணிப்பவர்களுக்கு பைசெக்ட் அவ்வளவாக உதவாது.

சரி, டிஸ்க் போனால்? ரெப்போவும் (கிட் வரலாறு முழுவதும் இருக்கும் களஞ்சியம்) கூடவே போகும். அதனால் வெளி டிஸ்க் ஒன்றில் 'பேர்' ரெப்போ (வேலை ஃபைல்கள் இல்லாமல் வரலாறு மட்டும் இருப்பது) வைத்து, அதையே ரிமோட்டாக, அதாவது கமிட்களை அனுப்பும் இடமாகச் சேர்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு புஷ், அவ்வளவுதான். இதற்கு இணையமே வேண்டாம்.

குறைகளும் உண்டு. டேட்டாபேஸில் இருக்கும் பதிவுகளும் அமைப்புகளும் கிட்டுக்குத் தெரியாது. டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். பெரிய போட்டோஷாப் ஃபைல்களைப் போட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரெப்போ வீங்கும். அப்புறம், தானாக சிங்க் ஆகும் கிளவுட் ஃபோல்டருக்குள் ரெப்போவை வைக்காதீர்கள். கிட் எழுதிக்கொண்டிருக்கும்போதே அது பாதி ஃபைல்களை எடுத்துப்போய், ரெப்போ கெட்டுவிடலாம்.