எலைசாவா, நிற மணிகளா, டி.என்.ஏ. வாலா? துளி ரத்தத்தில் பல புரதங்களை அளக்கும் வழிகள்

குறைமாதத்தில் ஒரு கிலோ எடையோடு பிறந்த குழந்தையின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 90 மில்லிலிட்டர்தான். அதில் ஆய்வுக்கென்று எடுக்கும் ஒவ்வொரு துளிக்கும் நாம் கணக்குச் சொல்லியாக வேண்டும். ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் நோயெதிர்ப்புப் புரதம்) கொண்டு புரதங்களை அளக்கும் முறைகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் "எத்தனை புரதம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கையில் எவ்வளவு மாதிரி இருக்கிறது, வரும் எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று கேட்பதே சரி என்பது என் கருத்து.

1971-ல் ஸ்வீடனில் எங்வாலும் பெர்ல்மனும் அறிமுகப்படுத்திய எலைசா என்ற சோதனை முறை இன்றும் அசையாமல் நிற்கிறது. இன்று பரவலாக உள்ள வடிவில், ஓர் ஆன்டிபாடி புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று அதே புரதத்தின் வேறோர் இடத்தில் ஒட்டி நிறத்தைக் காட்டும். விடை மில்லிலிட்டருக்கு இத்தனை பிகோகிராம் (கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்று நேராக வரும். ஆனால் சோதனைத் தட்டின் ஒரு குழிக்கு ஒரு புரதம்தான். குழிக்கு 100 மைக்ரோலிட்டர், ஒவ்வொன்றையும் இருமுறை அளப்பது என்று வைத்தால், நீர்க்கச் செய்யாமல் அளக்க வேண்டிய 40 புரதங்களுக்கு 8 மில்லிலிட்டர் சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்) வேண்டும். மேலே சொன்ன குழந்தையிடம் அதைக் கேட்கவே முடியாது.

சவ்வுத் தாளிலோ கண்ணாடித் தகட்டிலோ ஆன்டிபாடிகளைப் புள்ளி புள்ளியாகப் பதித்த வரிசைகள் விலையில் எளியவை. புள்ளியின் அடர்த்தியைப் பார்த்துக் கூடியதா குறைந்ததா என்று சொல்லலாம். பல வகைகளில் அதற்கு மேல் நம்புவது கடினம்.

லூமினெக்ஸ் நிறுவனத்தின் மணிகள் வேறு ரகம். இரண்டு சாயங்களை வெவ்வேறு விகிதத்தில் கலந்து 100 வகை நுண்மணிகள் செய்தார்கள். பின்னாளில் வந்த கருவி 500 வகைகளைப் பிரித்தறியும். ஒரு லேசர் மணி எது என்று சொல்லும், மற்றொன்று அதில் எவ்வளவு புரதம் ஒட்டியிருக்கிறது என்று சொல்லும். 50 மைக்ரோலிட்டரில், அதாவது ஏறத்தாழ ஒரே துளியில், பல பத்து புரதங்கள். சிக்கல் எல்லாம் ஒரே குழியில் இருப்பதிலேயே பிறக்கிறது. நிறம் காட்டும் ஆன்டிபாடிகள் அனைத்தும் ஒன்றாகக் கலந்திருப்பதால், ஒன்று தவறான புரதத்தில் ஒட்டினாலும் கருவிக்குத் தெரியாது. புரதங்களின் அளவுகளும் ஒன்றுக்கொன்று வெகுதூரம்: அல்புமின் மில்லிலிட்டருக்கு சுமார் 40 மில்லிகிராம், அழற்சியின்போது கூடும் இன்டர்லூக்கின்-6 நலமாக இருப்பவரிடம் சில பிகோகிராம். இடைவெளி ஏறக்குறைய ஆயிரம் கோடி மடங்கு! எல்லாவற்றையும் ஒரே நீர்ப்பில் அளக்க எந்த மணியாலும் ஆகாது.

அந்தக் குறுக்கு ஒட்டலுக்கு ஸ்வீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஓலிங்க் நிறுவனம் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு புரதத்துக்கான இரண்டு ஆன்டிபாடிகளுக்கும் ஆளுக்கொரு டி.என்.ஏ. வால். இரண்டும் அருகருகே வந்து, வால்களும் பொருந்தினால்தான் அது பெருகிச் சமிக்ஞை ஆகும்; தவறான இணை எண்ணப்படாது. 1 மைக்ரோலிட்டரில் 92 புரதங்கள் அளந்தார்கள். பிரிட்டனில் மக்களின் உடல்நலத் தகவல்களையும் ரத்த மாதிரிகளையும் சேமித்து ஆராயும் யூகே பயோபேங்க் திட்டம் 54,000-க்கும் மேற்பட்டோரிடம் சுமார் 2,900 புரதங்களை இப்படி அளந்து 2023-ல் வெளியிட்டது. குறை என்னவென்றால், பெரும்பாலும் கிடைப்பது ஒப்பீட்டு அலகு. ஒரு அலகு கூடினால் புரதம் ஏறக்குறைய இரட்டிப்பு, அவ்வளவுதான். மருத்துவர் கேட்கும் பிகோகிராம் அதில் இல்லை. மரபணு மாற்றத்தால் ஒருவரின் புரதத்தில் ஆன்டிபாடி ஒட்டும் இடம் சற்றே மாறியிருந்தாலும், புரதம் குறைவு என்று பொய்க்கணக்கு வரலாம்.

முறை எதுவானாலும் விடாத தொல்லைகளும் உண்டு. முடக்குவாத நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள ருமடாய்டு காரணி இரண்டு ஆன்டிபாடிகளையும் தானே கோத்து, இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டக்கூடும். ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் வி.இ.ஜி.எஃப். (ரத்தக்குழாய் வளரத் தூண்டும் புரதம்) போன்றவற்றை வெளியிடுவதால் சீரத்தில் அவை, உறையவிடாமல் பிரித்தெடுக்கும் பிளாஸ்மாவைவிடக் கூடுதலாகத் தெரியும். பாதி நோயாளிகளுக்குச் சீரம், மீதிப் பேருக்கு பிளாஸ்மா என்று சேகரித்த ஆய்வை எந்தக் கருவியும் காப்பாற்றாது.

எந்தப் புரதங்கள் என்று முன்பே தெரிந்து, நூற்றுக்கணக்கான மாதிரிகளும் இருந்தால் நான் மணிகளையே எடுப்பேன். எதைத் தேடுகிறோம் என்றே தெரியாதபோதும், மாதிரி மிகச் சிறிதாக இருக்கும்போதும் டி.என்.ஏ. வால். அதில் தேறும் இரண்டு மூன்று புரதங்களைச் சிகிச்சை முடிவுக்குக் கொண்டுபோகும் முன் எலைசாவில் சரிபார்த்தே ஆக வேண்டும். முடிந்தவரை, ரத்தம் எடுக்கும் அன்றே அதற்கென்று தனிச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் சில புரதங்கள் சிதைந்துபோகும்.